நீர் வளம் தந்த சேர் ஆர்தர் காட்டன்

நாட்டுக்கு நலஞ்செய்ய விழையும் பொறியியலாளனுக்கு நூலறிவு மட்டும் போதாது. அந்நாட்டு மக்களின் பழைய தொழிற்றிறனையும் மதித்துக் கற்றல் வேண்டும். இதற்குச் சான்றாக நாம் காண்பது சேர் ஆர்தர் காட்டன் அவர்களின் வாழ்வு.

இங்கிலாந்தில் 1803ஆம் ஆண்டு பிறந்த இவர், 1821இல் சென்னைப் பொறியியற் படையைச் சார்ந்து இந்தியா வந்தார். அக்காலத்திற் காவிரி நீரின் பெரும்பகுதி, தாழ்ந்த படுகையையுடைய கொள்ளிடத்தின் வழியே கடலிற் கலந்து வீணாயிற்று. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின. ஆழங்காணவியலாத ஆற்றுமணலில் அணை நிலைக்குமோ என்பதே பெரிய ஐயம். சோழர் கட்டிய கல்லணையை ஆராய்ந்த காட்டன், அது மணலின் மீதே அமைந்தும் நூற்றாண்டுகள் பல கடந்து நிற்றலைக் கண்டார். அம்முறையைக் கைக்கொண்டு, 1836இல் கொள்ளிடத்தில் மேலணையைக் கட்டி முடித்தார். தஞ்சை மீண்டும் செழித்தது.

வடக்கே கோதாவரிக் கழிமுகத்தில், 1833ஆம் ஆண்டுப் பஞ்சத்தால் மக்கள் திரளாக மடிந்தனர். பெருநதி அருகே ஓடியும் பசி தீர்ந்திலது. காட்டன் 1847இல் தவளேசுவரத்தில் அணைவேலையைத் தொடங்கி 1852இல் முடித்தார். அதன் வாய்க்கால்கள் வயலுக்கு நீரையும் படகுக்கு வழியையும் அளித்தன. இருப்புப்பாதைக்கே பெரும்பொருள் செலவிட்ட ஆட்சியாளரோடு, பாசனமும் நீர்வழியுமே முதலில் வேண்டுவன என்று அவர் நெடுநாள் வாதாடினார்.

அவர் 1899இல் மறைந்தார். பழைய அணைக்குப் பதிலாகப் பின்னாளிற் கட்டப்பட்ட அணையும் அவர் பெயரையே தாங்குகின்றது; கோதாவரி உழவர் அவரை நன்றியுடன் போற்றுகின்றனர். பொறியியல் பயிலச் செல்லும் எம் மாணவரும், குளமும் கேணியும் அகழ்ந்த எம் முன்னோரின் அறிவை இகழாது கற்பாராக.