ஜேம்ஸ் மாடிஸன்

படை நடத்திய வாஷிங்டனையும், சுதந்தரப் பிரகடனம் வரைந்த ஜெபர்ஸனையும் அறியாதார் இல்லை. ஆனால், அமெரிக்க சமஷ்டி அரசியலுக்கு உருக் கொடுத்த ஜேம்ஸ் மாடிஸனைப் பற்றி நம்மவர் பேசுவது அரிது. ஐந்தடி நான்கங்குல உயரமும், நலிந்த தேகமும், சபையில் எளிதிற் கேளாத மெல்லிய குரலும் உடைய அம்மனிதர் போர்க்களத்தில் புகழ் தேடியவரல்லர். நூல்களே அவருக்குப் படைக்கலங்கள்.

1751-ம் வருஷம் மார்ச்சு 16-ந் தேதி வர்ஜீனியாவில், அடிமைகளைக் கொண்டு புகையிலை பயிரிட்ட செல்வக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிரின்ஸ்டனிலிருந்த கலாசாலையில் 1771-ல் பட்டம் பெற்றார். 1780-ல் காங்கிரஸ் என்னும் பொதுச் சபைக்குப் பிரதிநிதியாகச் சென்றார். அங்கே கண்ட அலங்கோலந்தான் அவருக்கு உண்மையான ஆசானாயிற்று. 1781-ல் அமுலுக்கு வந்த கூட்டுடன்படிக்கையின்படி 13 ராஜ்யங்களுக்கும், பெரிதாயினும் சிறிதாயினும், தலைக்கு ஒரு வோட்டு. வரி விதிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு இல்லை. பணம் வேண்டுமாயின் ராஜ்யங்களிடம் கையேந்தி நிற்க வேண்டும். உடன்படிக்கையைத் திருத்த அனைத்தின் சம்மதமும் தேவை. இறக்குமதிச் சரக்குகளுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் தீர்வை விதிக்கலாமென்ற யோசனையை 1782-ல் ரோட் தீவு என்ற சின்னஞ்சிறு ராஜ்யம் மறுத்து வீழ்த்திவிட்டது. போர்வீரருக்குச் சம்பளம் கொடுக்கவும் வகையற்று நின்றது அந்தச் சர்க்கார். பெயரளவில் சர்க்கார் என்பதே பொருந்தும்.

பாரிஸிலிருந்து ஜெபர்ஸன் அனுப்பிய புத்தகக் கட்டுகளைக் கொண்டு, பண்டைக் கிரீஸ் முதல் ஹாலந்து வரையிலான கூட்டாட்சிகள் ஏன் நலிந்தன என்பதை மாடிஸன் ஆராய்ந்தார். ராஜ்யங்களுக்குக் கட்டளையிடும் அரசு நிலையாது. ஜனங்களிடமே நேராக அதிகாரம் பெற்று, ஜனங்கள்மீதே நேராக அதிகாரம் செலுத்தும் பொது அரசு வேண்டுமென்பது அவர் கண்ட முடிவு.

1787 மே மாதம் பிலடெல்பியாவில் மகாநாடு கூடியது. ரோட் தீவு வரவில்லை. வர்ஜீனியாவின் திட்டத்தை ராண்டால்ப் வெளியிட்டாரெனினும், அதன் கருத்துக்களிற் பெரும்பாலானவை மாடிஸனுடையவை. சட்டமியற்றுவதற்கு இரு சபைகள், நிர்வாகத்திற்குத் தனி அங்கம், நீதிக்குத் தனி அங்கம் என்ற அமைப்பு அதிலிருந்தே வளர்ந்தது. ஆயினும் அவர் எண்ணம் முழுதும் ஈடேறியதென்று நினைத்தல் தவறு. இரு சபைகளிலும் ஜனத்தொகைப்படியே ஸ்தானங்கள் வேண்டுமென அவர் வாதாடினார். டெலவேர், நியூஜெர்ஸி முதலிய சிறு ராஜ்யங்கள் விடவில்லை. ஜூலை 16-ந் தேதி ஐந்து ராஜ்யங்கள் ஒருபுறமும் நான்கு மறுபுறமுமாக வோட்டளிக்க, ஸெனேட்டில் எல்லா ராஜ்யங்களுக்கும் சம ஸ்தானம் என்று தீர்மானமாயிற்று. ராஜ்யச் சட்டங்களைக் காங்கிரஸ் தள்ளிவிடலாமென்ற அவருடைய மற்றொரு யோசனையும் தோற்றது. மனம் கசந்தபோதிலும் அவர் மகாநாட்டை விட்டு வெளியேறவில்லை. தினந்தோறும் முன்வரிசையிலிருந்து விவாதங்களைக் குறிப்பெடுத்தார்.

செப்டம்பர் 17-ந் தேதி 39 பேர் கையொப்பமிட்டனர். தாம் விரும்பியபடி அமையாத அத்திட்டத்திற்காகவே மாடிஸன் பேனா பிடித்தார். ஹாமில்டனும் ஜேயும் அவரும் புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினர். வர்ஜீனியா மகாநாட்டில் பாட்ரிக் ஹென்றியின் இடிமுழக்கத்திற்கு எதிரே, அவர் தாழ்ந்த குரலில் காரணங்களை அடுக்கினார். 1788 ஜூனில் 89 வோட்டுக்கு 79 வீதம் திட்டம் நிறைவேறியது. உரிமைச் சாஸனம் அநாவசியம் என்று முன்னர்க் கருதியவர், ஜனங்களின் அச்சத்தை உணர்ந்து 1789-ல் தாமே திருத்தங்களைக் கொண்டுவந்தார். அவற்றுள் பத்து 1791-ல் சட்டமாயின. கொள்கையை விட்டார் என்று அதனைப் பழிப்பதற்கில்லை. எதிரியின் நியாயத்தை ஏற்கும் துணிவு அது.

1809 முதல் 1817 வரை ஜனாதிபதியாக இருந்தார். அக்காலத்தில், 1814-ல், ஆங்கிலேயர் வாஷிங்டன் நகரை எரித்தனர். அக்கதை தனியே எழுதத்தக்கது.

ஒன்றை மறைத்தல் தகாது. ஸ்தானங்களைக் கணக்கிடுகையில் அடிமைகள் ஐவரை மூவராக எண்ணுவதென்ற ஏற்பாடு அத்திட்டத்தில் இருந்தது. அடிமை முறை தீதென்று உணர்ந்திருந்தும், தம் தோட்டத்து அடிமைகளை மாடிஸன் மரண சாஸனத்திலும் விடுவிக்கவில்லை. 1836 ஜூன் 28-ந் தேதி, கையொப்பமிட்டவர்களிற் கடைசியாக அவர் காலமானார். மகாநாட்டுக் குறிப்புகள் 1840-ல் அச்சேறின. அடிமைகளிற் பலரை அவர் மனைவியார் பின்னர் விற்றுவிட்டார்.