முட்டிக்கு ஜவ்வு கட்டிய டாக்டர்



நம் சுவர் இதழில் காமராஜர், மேரி கியூரி எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் எழுதப் போகிறவர் டாக்டர் ஹே குரோவ்ஸ். நமக்குத் தெரியாத பேர்தான். ஆனால் முட்டி ஆபரேஷன் செய்யும் டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த பேர். எனக்குத் தெரிய வந்தது என் அக்காவால்தான்.

அக்கா கல்லூரி கபடி அணியில் இருக்கிறாள். பாடிப் போறதுல கெட்டிக்காரி. போன ஆடி மாதம் ஒரு போட்டியில் சட்டென்று திரும்பினாள். முட்டியில் டப்பென்று சத்தம் கேட்டது. விழுந்துவிட்டாள். எண்ணெய்க் கட்டு போட்டோம். வீக்கம் வற்றியது, ஆனால் படி இறங்கும்போது முட்டி நழுவிக்கொண்டே இருந்தது. ஸ்கேன் எடுத்தால் ஜவ்வு அறுந்திருக்கிறது என்றார்கள்.

தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவதுதான் ஜவ்வு. முட்டிக்குள்ளே இரண்டு ஜவ்வுகள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகின்றன. முன்னால் உள்ளது அறுந்தால் கால் எலும்பு முன்னால் நழுவும். ஐப்பசியில் அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. அவள் தொடையின் பின்பக்கத் தசைநாணையே எடுத்து, நாலாக மடித்து, புது ஜவ்வாக வைத்தார்கள். இந்த மாதிரி ஆபரேஷனுக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர்தான் நம் டாக்டர்.

எர்னஸ்ட் வில்லியம் ஹே குரோவ்ஸ் 1872-இல் பிறந்தார். பிறந்தது நம் இந்தியாவில்! சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. டாக்டருக்குப் படித்து முடித்து, பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற ஊரில் சாதாரண வைத்தியராக ஆரம்பித்தார். நிலக்கரி வெட்டுகிறவர்களும் செருப்புத் தைக்கிறவர்களும் வாழ்ந்த ஊர் அது. தன் வீட்டையே சிறிய ஆஸ்பத்திரி ஆக்கி அங்கேயே ஆபரேஷன் செய்தார். அவர் மனைவி ஒரு நர்ஸ், கூடவே நின்று உதவி செய்தார்.

முறிந்த எலும்பை எப்படிச் சேர்ப்பது என்று பல சோதனைகள் செய்தார். பிறகு பிரிஸ்டல் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஆனார். 1913-இல் அறுவை மருத்துவத்துக்கென்று ஒரு பிரிட்டிஷ் இதழ் தொடங்கியபோது அதில் முக்கியப் பங்கு அவருடையது. முதல் உலகப் போர் வந்தது. எகிப்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். குண்டடி பட்ட கை கால்களை நிறையப் பார்த்திருப்பார்.

அந்தக் காலத்தில் அறுந்த ஜவ்வை ஊசி நூலால் தைத்துப் பார்த்தார்கள். அது வீண் வேலை என்று ராபர்ட் ஜோன்ஸ் என்ற மிகப் பெரிய எலும்பு டாக்டரே 1916-இல் எழுதிவிட்டார். பெரியவர் சொன்ன பிறகு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். ஹே குரோவ்ஸ் விடவில்லை. தைக்க முடியாவிட்டால் புதிதாகவே ஒன்று வைத்தால் என்ன என்று யோசித்தார். தொடையின் வெளிப்பக்கம் பட்டையாக ஒரு நார் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கீற்றை எடுத்தார். தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் துளை போட்டு, பழைய ஜவ்வு இருந்த வழியிலேயே அதைக் கோர்த்தார். மேல் முனையை மட்டும் வெட்டவில்லை. ஏன் தெரியுமா? ரத்தம் வந்துகொண்டிருந்தால்தான் நார் உயிரோடு இருக்கும் என்பதற்காக. இதை 1917-இல் வெளியிட்டார். 1920-இல் 14 பேருக்குச் செய்ததை எழுதினார். எல்லாருக்கும் குணமாகவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பின்னாளில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். இடுப்பு மூட்டுக்கு யானைத் தந்தத்தில் பந்து செய்து வைத்தார் என்றால் நம்புவீர்களா? உண்மை! 1944-இல் காலமானார்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பொங்கலுக்கு எங்கள் தெருவில் கபடி வைத்தார்கள். அக்காவுக்கு ஆபரேஷன் ஆகி மூன்றாவது மாதம். வலி இல்லை, நன்றாக நடந்தாள். ஒரே ஒரு ஆட்டம் வா அக்கா என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். அவளும் களத்தில் இறங்கிவிட்டாள். இரண்டு தடவை பாடிப் போனாள், சாயங்காலம் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. அன்று ராத்திரி நான் சாப்பிடவே இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்லவேளை, ஜவ்வு அறவில்லை. அங்கே உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். இளவயதுக்காரருடைய அசல் ஜவ்வு சுமார் 2,160 நியூட்டன் விசை தாங்குமாம். நாம் படித்த மாதிரி 9.8-ஆல் வகுத்தால் 220 கிலோ. மூன்று நெல் மூட்டை! நாலாக மடித்த தசைநாண் பரிசோதனைக் கூடத்தில் 4,000 நியூட்டனுக்கு மேல் தாங்குகிறது. அப்படியானால் பயமே இல்லை என்றுதானே நினைப்போம்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. வெட்டி எடுத்த நாருக்கு ரத்த ஓட்டம் கிடையாது. உள்ளே வைத்ததும் அதன் பழைய செல்கள் செத்துப்போகும். பிறகு புது ரத்தக் குழாய்களும் புது செல்களும் மெதுவாக உள்ளே வரும். அது வரைக்கும் நார் பலவீனமாக இருக்கும். விலங்குகளில் சோதித்துப் பார்த்ததில் ஆறு, எட்டு வாரத்தில்தான் ரொம்பப் பலவீனம். துளைக்குள்ளே எலும்போடு ஒட்டவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால் ஒன்பது மாதத்துக்கு முன்னால் களத்தில் இறங்கக் கூடாது. வலி இல்லை என்பதால் வலு வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

அந்த டாக்டர்தான் ஹே குரோவ்ஸ் பேரையும் சொன்னார். அறிவியல் டீச்சர் கம்ப்யூட்டரில் தேடிப் படித்து எனக்குத் தமிழில் சொன்னார்கள். உயிர் உள்ள நார்தான் வேண்டும் என்று அவர் அன்றைக்கே நினைத்தது எவ்வளவு சரி!

இப்போது எட்டு மாதம் ஆகிறது. தினமும் சாயங்காலம் அக்கா ஒற்றைக் காலில் நிற்பாள், நான் பக்கத்தில் நின்று எண்ணுவேன். அவளுடைய கபடி ஷூவைப் பரண் மேலே நானே எடுத்து வைத்திருக்கிறேன். டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் இறக்குவேன்.

விளையாடுகிற தோழிகளே, தோழர்களே! யாருக்காவது அடிபட்டால் சீக்கிரம் வா என்று இழுக்காதீர்கள். ஆறட்டும், காத்திருப்போம்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி