அரக்கர் என்னுஞ் சொல்லும் புலவர் குழந்தையும்

இலங்கையிற் பிறந்து தமிழ் கற்பிப்பவனுக்கு இராமாயணப் பாடம் நடத்துவதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. கம்பர் கவியிலே தோய்ந்து நிற்கும் மாணாக்கன் திடீரென்று, அரக்கர் என்போர் நம்முடைய தீவார்தாமே என்று கேட்டுவிடுவான். ஊர்காவற்றுறையிலே பண்டித வகுப்பு நடத்தும் எனக்கு இக்கேள்வி பழகிப்போனது. அது எழும்போதெல்லாம் என் நெஞ்சில் வந்து நிற்பவர் புலவர் குழந்தை.

புலவர் 1906ஆம் ஆண்டு, கொங்கு நாட்டில் ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்த ஓலவலசு என்னுஞ் சிற்றூரில், முத்துசாமிக் கவுண்டருக்கும் சின்னம்மையாருக்கும் மகவாய்த் தோன்றினார். உழவர் குடி. திண்ணைப் பள்ளிக்கு மேல் வாய்த்த கல்வி சிறிதே. எஞ்சியதைத் தாமே தேடிக் கற்று, 1934இல் சென்னைப் பல்கலைக்கழகப் புலவர் தேர்வில் தேறினார். பவானி உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியராய் இருந்தார். திருக்குறளுக்கு உரை கண்டார். யாப்பதிகாரம், தொடையதிகாரம் என்னும் இலக்கண நூல்களையும் இயற்றினார். செய்யுளிலக்கணத்தை மாணாக்கன் அஞ்சாது அணுகும்படி எழுதுவது எத்துணை அரிது என்பதை அத்தொழிலில் உழல்வோரே அறிவர்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவரை ஆசிரியர்கள் மட்டுமே நினைந்திருப்பர். அவரோ பெரியாரின் தன்மான இயக்கத்தில் ஈடுபட்டவர். அக்காலத்திலே கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்கலாமா என்பது தமிழகத்தைக் கலக்கிய வழக்கு. 1943ஆம் ஆண்டு பெப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் அறிஞர் அண்ணாதுரையும் இரா. பி. சேதுப்பிள்ளையும் எதிரெதிர் நின்று வாதிட்டனர். அடுத்த திங்களிற் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் அண்ணாவுக்கு எதிர்நின்றார். தென்னாட்டு மக்களை அரக்கரென்றும் குரங்கென்றும் பாடிய நூலைத் தமிழன் போற்றுவது தன்னைத் தானே இகழ்வதாகும் என்பது ஒரு சாரார் கட்சி. காவியத்தைக் காவியமாகக் காண வேண்டும், இராவணனது இசைப்புலமையையும் ஆண்மையையும் கம்பரைப்போல் ஏற்றிப் பாடினார் யாவர் என்பது மறு சாரார் கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும், கவி இனிது என்பது வசைக்கு விடையாகாது. இனிய கவியிலே ஏறிய வசையன்றோ ஆயிரம் ஆண்டு நிலைக்கிறது?

குழந்தை நெருப்பை நாடவில்லை, எழுத்தாணியை நாடினார். 1946இல் வெளிவந்தது இராவண காவியம். தமிழகக் காண்டம், இலங்கைக் காண்டம், விந்தக் காண்டம், பழிபுரி காண்டம், போர்க் காண்டம் என ஐந்து காண்டங்கள், 3,100 பாட்டுகள். கம்பர் ஆண்ட விருத்தத்தையே தாமும் கையாண்டு, இலங்கை வேந்தனைத் தமிழ் மன்னனாகவும் காவியத் தலைவனாகவும் அமைத்தார். பெயர்களில் அவர் செய்த மாற்றமே என் மனத்தை மிகவும் கவர்ந்தது. சூர்ப்பணகை என்னும் வடமொழிப் பெயர் முறம் போன்ற நகமுடையாள் எனப் பொருள்படும் இழிபெயர். எந்தத் தாய்தான் தன் மகளுக்கு அப்பெயரை இடுவாள்? பகைவன் வாயிற் பிறந்த பெயர் அது. குழந்தையின் காவியத்தில் அவள் காமவல்லி. மண்டோதரி வண்டார்குழலி ஆகிறாள். பெயர் மாறிய மாத்திரத்தில் கதைமாந்தரைப் பார்க்கும் நம் கண்ணும் மாறிவிடுகிறது.

குறையும் சொல்ல வேண்டும். பழிபுரி காண்டம் என்னும் தலைப்பே காட்டுவதுபோல், வடவர்மேல் பழி அனைத்தும் ஏறிவிடுகிறது. பிறப்பால் ஒரு கூட்டம் தீயது என்னும் அச்சை அவர் உடைக்கவில்லை. அதில் வார்த்த உருவங்களை இடம் மாற்றினார். அச்சு அப்படியே இருக்கிறது.

இது பழங்கதை என்று தள்ள இயலாது. மேனாட்டில் 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றொரு விளையாட்டு உண்டு. சிலர் மேசையைச் சுற்றியிருந்து, வீரனாகவும் மந்திரவாதியாகவும் பாத்திரம் ஏற்றுப் பேசி, பகடை உருட்டிக் கதையை வளர்ப்பர். கூத்தையும் தாயத்தையும் கலந்தாற்போன்றது. அதன் கொடும்பிறவிகளைத் தொகுத்து 1977இல் வெளியிட்ட ஏட்டிலே நம்முடைய இராட்சதனும் இருக்கிறான்! புலித்தலையோடு, புகைக்குழாய் பிடித்தபடி, தீயோன் என்னும் முத்திரையுடன். கற்பனைக் குலங்களைப் பிறவித் தீயோராக வகுத்த சொற்கள் உண்மை மாந்தரைப் பழித்த சொற்களின் நிழல் என்று ஆடுவோரிடையே பூசல் எழுந்தது; வெறும் விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்றோரும் பலர். 2020இல் வெளியீட்டார் அவ்வழக்கத்தைத் திருத்துவதாக அறிவித்தனர். 2022இல் இனம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் அவ்விளையாட்டினின்று நீக்க முடிவுசெய்தனர். 1943இன் வழக்குத்தான் அங்கே மேசைமேல் நடக்கிறது.

எங்கள் தீவுகளுக்கு இவ்வழக்கு மிக அண்மையது. விசயன் வருமுன் இலங்கையில் இயக்கரும் நாகரும் இருந்தனர் என்கிறது மகாவமிசம். நாகதீபம் எனப் பலர் கருதும் நயினாதீவு எங்களுக்கு அயல். மணிமேகலையிலே கப்பல் கவிழ்ந்து கரையேறிய சாதுவனை ஊன் தின்னும் நாகர் கொல்ல வருகின்றனர். அவன் அவர்கள் மொழியை அறிந்தவன், பேசினான், பிழைத்தான். தலைவனோடு நட்பும் கொண்டான். அச்சை உடைத்த இடம் அதுவென்பேன். 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் மேடையேற்றிய இராவணேசன் கூத்தும் இலங்கை வேந்தனை வேறொரு கண்ணாற் காட்டியது.

இராவண காவியத்துக்கு விடை சொல்ல எந்தப் புலவரும் காவியம் பாடவில்லை. அரசு விடை சொன்னது: 1948இற் சென்னை மாகாண அரசு நூலைத் தடை செய்தது. இருபத்துமூன்று ஆண்டுகள், ஆசிரியர் உயிரோடிருக்க, அவர் காவியம் கட்டுண்டு கிடந்தது. அவர் பாடம் சொல்லிக்கொண்டும் நூல்கள் எழுதிக்கொண்டும் இருந்தார். 1971இற் கருணாநிதி அரசு தடையை நீக்க, இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அதைக் கண்ணாற் கண்ட புலவர், அடுத்த ஆண்டு காலமானார்.