சத்திரசிகிச்சைக்குத் தமிழ் தேடிய மானிப்பாய் வைத்தியர்

தோளுக்கும் முழங்கைக்கும் இடையில் தளர்ந்து தொங்கும் தோலை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சைக்குத் தமிழில் நிலைத்த பெயர் எதுவும் இல்லை. வைத்தியர்கள் அதை 'பிராகியோபிளாஸ்ரி' என்கிறார்கள். உடல் எடையைப் பெருமளவு குறைத்தவர்களும், வயது ஏற ஏறக் கைத்தோல் தளர்ந்தவர்களும் இதை நாடுகிறார்கள். தேகப்பயிற்சி தசையை வளர்க்கும். ஆனால், நீண்டு தொங்கிப்போன தோலை அது சுருக்காது. அதனால்தான் கத்தி தேவைப்படுகிறது.

இந்தச் சிகிச்சைக்கு ஒரு விலை உண்டு. அக்குளிலிருந்து முழங்கைவரை உட்கைப்பக்கமாக நீண்ட தழும்பு விழும். சிலருக்கு முன்கையில் விறைப்பு வரும். சிலருக்குக் காயத்தின் அடியில் நீர் தேங்கும். வாரக்கணக்கில் கையை இறுக்கிப் பிடிக்கும் உடை அணிய வேண்டியிருக்கும். நோயே இல்லாத ஒரு கையில், கேட்டு வாங்கும் காயம் இது. ஆகவே எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதைச் சிகிச்சைக்கு வருபவர் முழுதாக விளங்கிக்கொள்ள வேண்டும். எந்த மொழியில் விளங்கிக்கொள்வது?

இதே கேள்வி, அழகுக்கான சத்திரசிகிச்சை என்ற எண்ணமே இல்லாத காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவருக்கு எழுந்தது. அதற்கு விடை தேடுவதிலேயே அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. அவர் சமுவேல் பிஸ்க் கிறீன்.

வூஸ்டரிலிருந்து வட்டுக்கோட்டைக்கு

கிறீன் 1822 ஒக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டரில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது மூத்தவர் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன். நியூயோர்க்கின் சென்ரல் பூங்கா உருவாவதிலும், 1898இல் அந்நகரம் இன்றைய பெருநகராக இணைக்கப்பட்டதிலும் முன்நின்றவர் அந்த அண்ணன். தம்பி நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். அங்கேயே தொழில் பார்த்து வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1847இல் அமெரிக்க மிசனின் வைத்தியராகக் கப்பலேறி, அந்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அப்போது அமெரிக்க மிசன் இங்கு காலூன்றி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடரும், வட்டுக்கோட்டையில் நேதன் வார்ட்டும் அவருக்கு முன்பே மேலைத்தேய வைத்தியம் பார்த்தவர்கள். வட்டுக்கோட்டையில் தொடங்கிய கிறீன் 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். அங்கே அவர் நிறுவிய வைத்தியசாலையும், அதனுடன் சேர்ந்த மருத்துவப் பாடசாலையும் இலங்கையின் மேலைத்தேய மருத்துவக் கல்வியின் தொடக்கம். கொழும்பில் மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது 1870இல்தான்.

மானிப்பாய் அவருக்குப் பொருத்தமான ஊராகவும் அமைந்தது. மிசனின் அச்சகம் அங்குதான் இயங்கியது. மானிப்பாய் அகராதி என்று பெயர்பெற்ற தமிழ் அகராதி 1842இல் அங்கேயே வெளிவந்திருந்தது. சொல் சேர்ப்பதும் அச்சடிப்பதும் அவ்வூரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலைகள்.

அன்றைய மக்கள் நோய் வந்தால் பரியாரியிடம் போனார்கள். செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற மருத்துவ நூல்களின் வழிவந்த வைத்தியம் அது. குடிநீரும் எண்ணெயும் பத்தியமும் அவர்களுக்குப் பழக்கமானவை. வெள்ளைக்காரர் ஒருவர் கத்தியோடு கிட்ட வருவது பழக்கமானதல்ல. மயக்கமருந்தே அப்போது புதுசு. பொஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தில் பகிரங்கமாகச் சத்திரசிகிச்சை செய்து காட்டப்பட்டது 1846 ஒக்டோபரில், அதாவது கிறீன் இங்கு வருவதற்குச் சரியாக ஓராண்டு முன்னர். கட்டிகளையும் அழுகிய காயங்களையும் வெட்டிச் சுகப்படுத்தியதன் மூலம் மெதுவாகத்தான் அவர் ஊராரின் நம்பிக்கையைப் பெற்றார். வாந்திபேதி பரவிய காலங்களில் அவரும் மாணவர்களும் ஊர் ஊராகப் போனார்கள்.

தமிழுக்கு மாறிய பாடம்

முதலில் அவர் மாணவர்களுக்கு ஆங்கிலத்திலேயே கற்பித்தார். படித்து முடித்தவர்கள் அரச உத்தியோகம் தேடிப் போனார்கள். ஆங்கிலத்தோடு உடையும் மாறியது, உணவும் மாறியது. வேட்டி காற்சட்டையானது. மரக்கறி உண்டவர்கள் மாட்டிறைச்சி உண்டார்கள். கிறீனுக்கு இது பிடிக்கவில்லை. அமெரிக்கர் ஒருவர், தன் மாணவர்கள் அமெரிக்கரைப்போல ஆகிவிடக் கூடாது என்று கவலைப்பட்டார். ஊரைவிட்டு விலகிப்போகும் வைத்தியரால் ஊருக்கு என்ன பயன் என்பதே அவருடைய கணக்கு. தமிழில் படித்தவர் தமிழர் நடுவில் தங்குவார், தன் நோயாளிக்கு நோயைச் சொல்லி விளக்குவார் என்று அவர் நம்பினார்.

ஆனால் தமிழில் கற்பிக்கப் பாடநூல் இல்லை. எனவே அவரே எழுதத் தொடங்கினார். கல்வின் கட்டரின் நூலைத் தழுவிய அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் 1850களில் வந்தது. உடலின் அமைப்பு, அதன் தொழிற்பாடு, அதைப் பேணும் முறை ஆகிய மூன்றையும் அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. 1857இல் பிரசவ வைத்தியம் வெளிவந்தது. பெண்கள் ஆண் வைத்தியரிடம் வரத் தயங்கிய காலத்தில், பிரசவம் பற்றிய நூலை அவர் முன்வரிசையில் வைத்தது கவனிக்கத்தக்கது.

அதே ஆண்டில் உடல் தளர்ந்து ஊர் திரும்பினார். 1862இல் மார்கரெட் வில்லியம்ஸைத் திருமணம் செய்துகொண்டு மீண்டும் மானிப்பாய் வந்தார். இந்த இரண்டாவது வருகையில்தான் தமிழ்வழி மருத்துவக் கல்வி முழுவீச்சில் நடந்தது. மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை அவர் பயிற்றுவித்தார். அவர்களில் பெரும்பாலோர் தமிழில் படித்தவர்கள். சாப்மன், டன்வதர், போல், சுவாமிநாதன் ஆகிய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் அவருக்குத் தோள்கொடுத்தார்கள். கிறீனின் பெயரில் நிற்கும் நூல்களில் இந்த யாழ்ப்பாணத்தவர்களின் உழைப்பும் இருக்கிறது.

இரண வைத்தியம்

1867இல், இங்கிலாந்து வைத்தியர் றொபேட் ட்றூயிட்டின் சத்திரசிகிச்சை நூல் 'இரண வைத்தியம்' என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ஜோசப் லிஸ்டர், காயம் அழுகாமல் காக்கும் தன் முறையை உலகுக்கு அறிவித்தார். மேலைத்தேயச் சத்திரசிகிச்சையே புதிதாக மாறிக்கொண்டிருந்த வேளையில், அதைப் பற்றி ஒரு மாணவன் மானிப்பாயில் இருந்து தமிழில் படிக்க முடிந்தது.

பெயரைப் பாருங்கள். இரணம் என்றால் புண், காயம். அன்று சத்திரசிகிச்சை என்பது வந்த காயத்தை ஆற்றுவதும், உயிருக்கு உலை வைக்கும் கட்டியை வெட்டுவதும்தான். தோற்றத்துக்காக நல்ல தோலைக் கீறுவது அந்தப் பெயருக்குள் அடங்காத காரியம். மேற்கைத் தோலை அழகுக்காக அகற்றும் முறையை ஆர்ஜன்டீன வைத்தியர்கள் மருத்துவ ஏட்டில் விவரித்ததே 1954இல்தான்.

தொடர்ந்து 1872இல் ஹென்றி கிறேயின் உடலமைப்பு நூல் மனுஷ அங்காதிபாதமாகவும், பொது வைத்திய நூலொன்று வைத்தியாகரமாகவும் வந்தன. 1875இல் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம், 1884இல் இந்து பதார்த்த சாரம். மொத்தம் நாலாயிரத்துக்கும் அதிகமான பக்கங்கள்.

சொல்லாக்கத்தில் அவர் பிடிவாதக்காரர் அல்ல. முதலில் தமிழில் தேடினார். கிடைக்காவிட்டால் வடமொழியை நாடினார். அதிலும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார். 'கெமிஸ்ட்ரி' கெமிஸ்தம் ஆனது அப்படித்தான். இன்று அந்த நூல்களின் நடை நமக்குக் கடினம். வடமொழி கூடுதலாக இருக்கிறது. சுகரணம், உற்பாலனம் போன்ற சொற்கள் வழக்கில் நிற்கவில்லை. என்றாலும் அந்த நூல்களைக் கொண்டு பாடம் நடந்தது, மாணவர்கள் வைத்தியர்களானார்கள், நோயாளிகள் சுகமடைந்தார்கள். தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்ற விவாதம் இப்போதும் எழுகிறது. செய்து காட்டப்பட்ட காரியம் அது.

நாவலர் பிறந்த ஆண்டில்

கிறீனைப் புகழ்வோர் பலர் ஒரு விடயத்தை மெல்லக் கடந்து விடுவதுண்டு. அவர் மதம் பரப்ப வந்தவர். வைத்தியசாலைக்கு வந்தவர்கள் மருந்தோடு பிரசங்கத்தையும் பெற்றார்கள். தன் கல்லறையில் தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்ற பொருளில் எழுதப்பட வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது. மருத்துவத்தையும் மதத்தையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

அதே 1822இல் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். மிசன்மார்களின் மதமாற்றத்தை எதிர்த்துச் சைவத்துக்காகப் பாடசாலையும் அச்சகமும் நிறுவியவர். இருவரும் எதிரெதிர்க் கரையில் நின்றவர்கள். ஆனால் தெளிவான தமிழ் உரைநடையில், அச்சுப் புத்தகத்தின் வழியாக மக்களிடம் போக வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். யாழ்ப்பாணத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டை விளங்கிக்கொள்ள இந்த இருவரையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

திரும்பிப் போன பிறகு

1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூல் வேலைகளைத் தொடர்ந்தார். கடைசி நூல் வந்த 1884ஆம் ஆண்டிலேயே, மே 28ஆம் திகதி காலமானார். அவருடைய பெயர் மானிப்பாய் வைத்தியசாலையில் நிலைத்தது. கவிஞர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்ற நூலை எழுதி, மறந்திருந்தவரைத் தமிழ் வாசகர்முன் கொண்டுவந்தார்.

பாடம் மட்டும் நிலைக்கவில்லை. அரச மருத்துவம் ஆங்கிலத்தை ஏணியாக வைத்தது. தமிழில் படித்த வைத்தியருக்கு அந்த ஏணியில் படி இல்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோது, கிறீன் கற்பித்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் கற்பித்தல் மொழி ஆங்கிலமாகவே இருந்தது. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. புதிய ஆய்வுகள் ஆங்கிலத்தில் வருகின்றன. நம்முடைய வைத்தியர்கள் உலகத்தோடு பேச வேண்டியிருக்கிறது.

ஆனால் நோயாளியும் பேச வேண்டியிருக்கிறது. குடலேற்ற நோவோடு வருபவர் வைத்தியரிடம் பொறுப்பை விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். தாமதித்தால் உயிர் போகும், வேறு வழியில்லை. மேற்கைத் தோலை அகற்றக் கேட்டு வரும் பெண்ணின் நிலை வேறு. செய்யாமல் விட்டாலும் அவருக்கு ஆபத்தில்லை. செய்வதா விடுவதா என்ற முடிவு முழுக்க அவருடையது. தழும்பு எவ்வளவு நீளம், எந்த இடத்தில், விறைப்பு வந்தால் எத்தனை நாளைக்கு, கையை உயர்த்தித் தலை வாருவது எப்போது, மீண்டும் எடை கூடினால் என்ன ஆகும் என்பவை அவருக்குத் தெரியாமல் அவர் இடும் கையொப்பம் வெறும் மை. சொல்லத் தெரியாத வெட்கமும் சேர்ந்துகொள்ளும். சொந்த உடலைப் பற்றிப் பேச, நாகரிகமான, துல்லியமான சொற்கள் வேண்டும். பிரசவ வைத்தியத்தை எழுதியபோது கிறீன் எதிர்கொண்டதும் இதே தேவையைத்தான்.

இன்றைய வேலை அவர் அன்று செய்ததைவிட எளிது. நாலாயிரம் பக்கம் தேவையில்லை. ஒவ்வொரு சத்திரசிகிச்சைக்கும் இரண்டு பக்கத் தமிழ் விளக்கம் போதும். எதை வெட்டுவார்கள், எப்படித் தைப்பார்கள், என்ன பிழைக்கலாம், எப்போது திரும்பவும் வைத்தியசாலைக்கு ஓடிவர வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். சொல் கிடைக்காத இடத்தில் கெமிஸ்தம் செய்ததுபோல் ஒன்றைச் செய்துகொள்ளலாம், அல்லது மேற்கைத் தோல் அகற்றல் என்று நேராகவே எழுதிவிடலாம். ஒரு வைத்தியரும் ஒரு தமிழாசிரியரும் ஒரு மேசையில் சில மாலைகள் இருந்தால் முடிகிற காரியம்.