சதுப்பு நிலத்தில் மிதந்த தண்டவாளம்

கடந்த பருவ விடுமுறையில் நானும் என் தம்பியும் சேர்ந்து வீட்டில் ஒரு மாதிரி ரயில் பாதை அமைத்தோம். மரப்பலகை கனமாக இருக்கும் என்பதால் அடித்தளத்துக்கு நுரைப் பலகையைத் தேர்ந்தெடுத்தோம். தண்டவாளத்தைச் சிறு ஆணிகளால் பொருத்தினோம். ஒரே நாளில் எல்லாம் ஆட்டம் கண்டுவிட்டது. நுரைக்கு ஆணியை இறுகப் பிடித்துக்கொள்ளும் திறன் இல்லை. வளைவில் திரும்பும்போதெல்லாம் ரயில் தடம் புரண்டது. நெடி மிகுந்த ஒரு பசையை ஊற்றிப் பார்த்தோம். அது நுரையையே கரைத்துக் குழியாக்கியது. கடைசியில், சுவர் வெடிப்பை அடைக்கப் பயன்படும் அக்ரிலிக் பசைதான் கைகொடுத்தது. அதை மெல்லிய படலமாகப் பாதையின் நீளம் முழுவதும் தடவி, தண்டவாளத்தை வைத்து அழுத்தி, மேலே கனமான பாடநூல்களை அடுக்கி, ஓர் இரவு விட்டுவைத்தோம். மறுநாள் ரயில் தடம் புரளாமல் ஓடியது.

மிருதுவான தளத்தில் அங்கங்கே குத்திப் பிடித்தால் நிற்காது. சுமையையும் பிடிமானத்தையும் பரப்பிவிட வேண்டும். எங்களுக்கு இது விடுமுறை விளையாட்டு. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பு இதே சிக்கலைத் தம் நற்பெயரையே பணயம் வைத்து எதிர்கொண்டவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். ரயில்வேயின் தந்தை என்று பாடநூல்களில் நாம் படித்திருக்கும் அதே ஸ்டீபன்சன்தான்.

அவர் 1781ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள வைலம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்துக்குக் கரி அள்ளிப் போடும் தொழிலாளி. பெற்றோர் இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வருமானமும் போதவில்லை. வீட்டு வாசலை ஒட்டியே குதிரைகள் நிலக்கரி வண்டிகளை இழுத்துச் செல்லும் மரத் தண்டவாளம் இருந்தது. சிறுவன் ஜார்ஜ் எழுத்துகளைப் பார்ப்பதற்கு முன்பே தண்டவாளத்தைப் பார்த்து வளர்ந்தான்.

பதின்ம வயதிலேயே அவர் சுரங்க இயந்திரங்களை இயக்கும் வேலைக்குப் போய்விட்டார். ஓய்வு நேரத்தில் இயந்திரத்தின் பாகங்களைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுவார். ஆனால், இயந்திரங்களைப் பற்றிய நூல்களை அவரால் படிக்க முடியவில்லை. அதனால் 18 வயதில், வேலை முடிந்த பிறகு இரவுப் பள்ளிக்குச் சென்று எழுத்தும் எண்ணும் கற்கத் தொடங்கினார். இன்று நம்மில் பலர் உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் வயதில் அவர் தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டிருந்தார்.

வாழ்க்கை அவரிடம் கருணை காட்டவில்லை. 1802இல் பிரான்சிஸ் ஹெண்டர்சனை மணந்தார். அடுத்த ஆண்டு மகன் ராபர்ட் பிறந்தான். பின்னர் பிறந்த பெண் குழந்தை சில வாரங்களில் இறந்தது. 1806இல் மனைவியும் காசநோயால் காலமானார். அதன் பிறகு ஒரு விபத்தில் தந்தை கண்பார்வையை இழந்தார். வருமானம் போதாமல், செருப்புத் தைத்தும் கடிகாரங்களைப் பழுதுபார்த்தும் ஸ்டீபன்சன் குடும்பத்தைக் காப்பாற்றினார். தமக்குக் கிடைக்காத கல்வி மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். ராபர்ட்டை நியூகாசலில் உள்ள பள்ளிக்கு அனுப்பினார். மகன் பகலில் கற்றதை மாலையில் தந்தையும் உடன் அமர்ந்து கற்றார்.

1811இல் பிறரால் சரிசெய்ய முடியாத ஒரு நீரிறைப்பு இயந்திரத்தை அவர் சீர்செய்தார். அதிலிருந்து அவருக்குப் பெயரும் பொறுப்பும் வந்தன. 1814இல் தமது முதல் நீராவி ரயில் எஞ்சினை ஓடவிட்டார். எல்லாரும் எஞ்சினைப் பார்த்து வியந்தபோது அவருடைய கவனம் அடியில் இருந்த தண்டவாளத்தின் மீதும் இருந்தது. எஞ்சினின் கனத்தைத் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன. 1816இல் வில்லியம் லோஷ் என்பவருடன் சேர்ந்து மேம்பட்ட வார்ப்பிரும்புத் தண்டவாளத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், சில ஆண்டுகளில் வேறொருவர் தேனிரும்பில் அதைவிட உறுதியான தண்டவாளம் செய்தார். 1825இல் திறக்கப்பட்ட ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில் பாதைக்கு அந்தத் தேனிரும்புத் தண்டவாளத்தையே ஸ்டீபன்சன் பரிந்துரைத்தார். இதனால் தம் சொந்தக் காப்புரிமையின் வருமானத்தை இழந்தார். லோஷின் நட்பையும் இழந்தார்.

அதே 1825ஆம் ஆண்டுதான் அவருக்குப் பெரும் அவமானத்தையும் தந்தது. லிவர்பூலையும் மான்செஸ்டரையும் இணைக்கும் ரயில் பாதைக்கு நாடாளுமன்ற அனுமதி தேவைப்பட்டது. ஸ்டீபன்சன் சாட்சியாகக் குழுவின் முன் நின்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் ஆல்டர்சன் அவரைக் கேள்விகளால் துளைத்தார். நில அளவைக் கணக்குகளில் பிழைகள் இருந்தன. நிலவுடைமையாளர்கள் அளவையாளர்களை விரட்டியடித்தது உண்மைதான். ஆனால், உதவியாளர்கள் எடுத்த அளவுகளை ஸ்டீபன்சன் சரிபார்க்காமல் விட்டதும் உண்மைதான். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய வட்டார உச்சரிப்பும் கேலிக்குள்ளானது.

அந்தப் பாதை சாட் மாஸ் என்ற பெரும் சதுப்பு நிலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. பல நூற்றாண்டுகளாகப் பாசி மக்கி, நீரில் ஊறிக் கிடந்த நிலம் அது. ஆழம் சில இடங்களில் 30 அடிக்கும் மேல். அடியில் உள்ள கெட்டி நிலம்வரை தோண்டாமல் அங்கே பாதை போடவே முடியாது என்று பிரான்சிஸ் கைல்ஸ் என்ற பொறியாளர் சாட்சியம் அளித்தார். அதற்கு ஆகும் செலவை 270,000 பவுண்ட் என்று அவர் மதிப்பிட்டார். மசோதா தோற்றது. ஸ்டீபன்சன் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

மறு ஆண்டு, வேறு பொறியாளர்களின் புதிய அளவைகளோடு மசோதா நிறைவேறியது. பாதையைக் கட்டும் பணிக்கு நிறுவனம் மீண்டும் ஸ்டீபன்சனையே அழைத்தது. சதுப்பு நிலம் அவருக்காகக் காத்திருந்தது.

தொடக்கமே சோதனை. அவருடைய உதவிப் பொறியாளர் ஜான் டிக்சன் கால் வழுக்கிச் சேற்றில் புதைந்து, தொழிலாளர்களால் மீட்கப்பட்டார். கால்கள் அமிழாதிருக்கத் தொழிலாளர்கள் தங்கள் பாதங்களில் பலகைகளைக் கட்டிக்கொண்டு நடந்தனர். அந்தப் பலகைகளில்தான் தீர்வும் இருந்தது. சிறிய பாதம் புதைகிறது; அகன்ற பலகை புதைவதில்லை. எடை மாறவில்லை, அது பரவும் பரப்புதான் மாறியது. மனிதனைத் தாங்கும் முறை ரயிலையும் தாங்கும் என்று ஸ்டீபன்சன் நம்பினார்.

முதலில் இருபுறமும் வடிகால்கள் வெட்டி நீரை வடித்தனர். பிறகு, மரக்கிளைகளையும் ஹெதர் எனும் புதர்ச்செடியையும் கொண்டு பின்னிய தட்டிகளைப் பாதை நெடுகப் பரப்பினர். மிகவும் இளகிய இடங்களில் தட்டிகள் இரண்டு அடுக்காகப் போடப்பட்டன. அவற்றின்மேல் சரளைக்கல், அதன்மேல் குறுக்கு மரக்கட்டைகள், அவற்றின்மேல் தண்டவாளம். கெட்டியான நிலத்தில் தண்டவாளத்தைத் தனித்தனிக் கற்பாளங்களின்மேல் பொருத்தியவர்கள், இங்கே மட்டும் மரக்கட்டைகளைப் பயன்படுத்தினர். கல் அமிழ்ந்துவிடும், மரம் எடையைப் பரப்பும். ஒரு தெப்பத்தைப் போலப் பாதையே சதுப்பின்மீது மிதந்தது.

மான்செஸ்டர் பக்க விளிம்பில் மட்டும் மேடு கட்ட வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் மண்ணைக் கொட்டினர். கொட்டியதெல்லாம் உள்ளே போனதே தவிர, மேடு எழும்பவில்லை. அங்கே வெட்டிய வடிகால்களும் சேறு சரிந்து மூடிக்கொண்டன. பழைய பீப்பாய்களை ஒன்றோடொன்று சேர்த்துக் குழாய்போல் புதைத்து நீரை வெளியேற்றினர். நிறுவன இயக்குநர்கள் பணியைக் கைவிடுவது பற்றியும் ஆலோசித்தனர். தொடர்ந்து கொட்டுவது என்பதில் ஸ்டீபன்சன் மாறவில்லை. ஒரு கட்டத்தில் மண் நின்றது. மேடு எழுந்தது.

1830ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி, ரெயின்ஹில் போட்டியில் வென்றிருந்த ராக்கெட் எஞ்சின் பயணிகளுடன் சாட் மாஸைக் கடந்தது. முடியவே முடியாது எனப்பட்ட அந்தப் பகுதிக்கு ஆன செலவு ஏறத்தாழ 28,000 பவுண்ட். கைல்ஸின் மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்குதான். அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் தேதி முழுப் பாதையும் திறக்கப்பட்டது. அன்று நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் ராக்கெட் மோதி உயிரிழந்தது அந்த வெற்றியில் படிந்த துயரம்.

ஸ்டீபன்சன் 1848 ஆகஸ்ட் 12ஆம் தேதி செஸ்டர்ஃபீல்டில் காலமானார். மகன் ராபர்ட்டும் புகழ்பெற்ற பொறியாளரானார். லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இன்றும் அதே சதுப்பு நிலத்தின்மீது ரயில்கள் ஓடுகின்றன.

அவருடைய வாழ்க்கையைப் படித்து முடித்தபோது என் மனத்தில் நின்றது ராக்கெட் அன்று. 1825ஆம் ஆண்டின் அந்த விசாரணைதான். சதுப்பு நிலத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. நில அளவைகளைப் பற்றி அவர் சொன்னது தவறு. சரிபார்க்காத கணக்கு, சரியான கருத்தையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டது. ஆய்வேட்டையோ செய்முறை அறிக்கையையோ கடைசி நாளில் அவசரமாக ஒப்படைக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டிய கதை. அதே சமயம், அந்தத் தோல்வியோடு அவர் கதை முடிந்துவிடவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டு நுரைப் பலகையில் அந்தச் சிறு ரயில் இன்னமும் ஓடுகிறது. பசை கரைத்த குழியை அடைத்துவிடலாம் என்றான் தம்பி. வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்துக்குச் சாட் மாஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம்.