காட்சியும் கருதலும்: சர் சி. வி. இராமன்

சந்திரசேகர வெங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார்; கொல்கத்தாவில் நிதித்துறை அலுவலராக இருந்துகொண்டே இயற்பியல் ஆய்வில் ஈடுபட்டார். 1917இல் கொல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

பொறியால் நேரே அறிவதைக் காட்சி என்றும், அதன்வழி உய்த்துணர்வதைக் கருதல் என்றும் நம் அளவை நூலார் பிரித்தனர். இராமனின் ஆய்வு இவ்வேறுபாட்டிற்குச் சான்றாகும்.

1921இல் மேற்கொண்ட இங்கிலாந்துப் பயணத்தில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. கடல் நீலமாகத் தோன்றுவது காட்சி. வானின் நிறமே நீரில் எதிரொளிக்கிறது என்பது, நோபல் பரிசு பெற்ற அறிஞர் ராலேயின் கருதல். சொன்னவர் பெருமை நோக்கி இராமன் அதனை ஏற்றுவிடவில்லை. கப்பலில் நின்றவாறே நிகோல் பட்டகத்தின் வழியே கடலை நோக்கி, நீர்ப்பரப்பில் எதிரொளித்த ஒளியை விலக்கினார். நீலம் மறையவில்லை; முன்னினும் செறிந்து தோன்றியது. ஆகவே, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என உய்த்துணர்ந்தார்.

தம் கருதலையும் அவர் சோதனைக்கு உட்படுத்தினார். கொல்கத்தா ஆய்வகத்தில் மாணவர்களுடன் பல ஆண்டுகள் நீர்மங்களை ஆராய்ந்தார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள், கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன், சிதறிய ஒளியின் ஒரு பகுதி அலைநீளம் மாறுவதைக் கண்டறிந்தார். 'இராமன் விளைவு' எனப்படும் இக்கண்டுபிடிப்பு 1930இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. 1970இல் அவர் மறைந்தார். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கண்டது எது, கருதியது எது எனப் பிரித்தறிந்து, கருதியதை மீண்டும் கண்டு தெளிதலே அறிவியல் நெறியாகும்.