ம. சிங்காரவேலர்

ம. சிங்காரவேலர் (பிப்ரவரி 18, 1860 - பிப்ரவரி 11, 1946) வழக்கறிஞர், தொழிற்சங்கவாதி, தென்னிந்தியப் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னோடி. சிந்தனைச் சிற்பி என்றும் அழைக்கப்படுகிறார்.

இளமை

சென்னையில் மீனவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றபின் சட்டமும் படித்து, சென்னை உயர்நீதிமன்றத்தில் தொழில் புரிந்தார். பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது, 1921இல், வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார்.

தொழிற்சங்கப் பணி

1923 மே 1இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். 1925இல் கான்பூரில் கூடிய பொதுவுடைமையாளர் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். பலரும் இவரை மே நாளோடு மட்டுமே நினைவுகூர்கின்றனர். ஆனால் இவரைச் சிறைக்கு அனுப்பியது, வேலையிழந்தோருக்காக நடந்த மற்றொரு போராட்டமாகும்.

1928 ரயில்வே வேலைநிறுத்தம்

தென்னிந்திய ரயில்வே அந்நாளில் தனியார் நிறுவனமாக இருந்தது. எழும்பூரிலிருந்து விழுப்புரம், கடலூர் வழியாகச் சென்ற அதன் பாதை, கிள்ளை போன்ற சிற்றூர்களைத் தொட்டுச் சிதம்பரம், மாயவரம், தஞ்சாவூர் எனத் தெற்கே நீண்டது. நாகப்பட்டினத்திலும் பிற ஊர்களிலும் இருந்த பணிமனைகளின் வேலைகளைத் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் ஒருங்கிணைக்க நிறுவனம் முடிவு செய்தது. அதையொட்டி ஆட்குறைப்பை அறிவித்து, தொழிலாளரின் திறனைச் சோதிக்கத் தேர்வு ஒன்றையும் விதித்தது. பல்லாண்டு அதே வேலையைச் செய்தவர்கள் இதனை ஏற்க மறுத்தனர். அவர்கள் முறையிட்டாலும் அதனை விசாரித்துத் தீர்க்க வேண்டிய சட்டக் கடமை நிறுவனத்துக்கு இல்லை. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் முதன்மையாகச் சங்கங்களைப் பதிவு செய்யவே வழி செய்திருந்தது.

ஜூலை 19 நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைதாயினர். ஜூலை 30இல் போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. சதி வழக்கில் சிங்காரவேலருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு 1930இல் விடுதலையானார்.

பிந்தைய சட்டங்கள்

1929இல் இயற்றப்பட்ட தொழில் தகராறுச் சட்டம் விசாரணை மன்றத்துக்கும் சமரச வாரியத்துக்கும் இடமளித்தது. ஆயினும் அவற்றின் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தவில்லை. மாறாக, பொதுப்பயன்பாட்டுப் பணியாளர் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்வது குற்றமாயிற்று. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே வேலைநீக்கப்பட்டவருக்குச் சற்று உதவியது. அது ரயில்வேக்கும் பொருந்தியது. நீக்கப்பட்டவரின் நிலுவைக் கூலியை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என அது விதித்தது. தவறினால் தொழிலாளி தாமாகவோ, வழக்கறிஞர் அல்லது சங்க நிர்வாகி மூலமாகவோ உரிய அதிகாரியிடம் கோரிக்கை அளிக்க முடிந்தது. செய்த வேலைக்குரிய கூலிக்கே இச்சட்டம் பொருந்தியது. இழந்த வேலையை மீட்க இதில் வழி இருக்கவில்லை.

இறுதிக்காலம்

முப்பதுகளில் சுயமரியாதை இயக்க இதழ்களில் அறிவியல் கட்டுரைகளை நிறைய எழுதினார். 1945இல் சென்னை அச்சுத் தொழிலாளர் மாநாட்டில் உரையாற்றினார். மறு ஆண்டு மறைந்தார். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் சிங்காரவேலர் மாளிகை எனப் பெயரிடப்பட்டது.